அரசலாற்றங்கரையில் ஒரு நாள்

வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் செல்வோருக்குக் காரைக்கால் என்பது வழியில் தேநீர் அருந்தும் ஓர் ஊர். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி எனப் பேருந்து தெற்கு நோக்கி உருள்கையில், சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் ஒருவர் சாலைச் சந்திப்பில் தென்படுவார். “பாண்டிச்சேரி எல்லைக்குள் வந்துவிட்டோம்” என்று யாரேனும் சொல்வார். ஆடவர் சிலர் மதுக்கடைப் பலகைகளை ஓரக்கண்ணால் நோக்குவர். தாய்மார் செபமாலையைச் சற்று உரக்கத் தொடங்குவர். சிறிது நேரத்தில் நாகூரின் மினார்கள் தெரியும், காரைக்கால் மறந்துபோகும். நாமும் நமது குருத்துவ வாழ்வில் முப்பது முறைக்குக் குறையாமல் இவ்வழியே சென்றிருக்கிறோம். ஒருமுறையேனும் இறங்கி நடந்ததில்லை.

சென்ற ஆண்டு ஜனவரி இறுதியில் அந்தக் குறை நம் விருப்பத்தைக் கேளாமலே நீங்கிற்று. அன்னையின் திருத்தலத்தை வணங்கிப் பங்கு மக்களோடு திரும்பிக்கொண்டிருந்தோம். காரைக்கால் எல்லைக்குள் வந்ததும் பேருந்து முனகி நின்றுவிட்டது. கிளச் தகடு தேய்ந்துவிட்டதென்றும், மாற்றுப் பாகம் கும்பகோணத்திலிருந்து வர வேண்டுமென்றும், வண்டி புறப்பட இரவாகும் என்றும் ஓட்டுநர் கைவிரித்தார். தூய தேற்றரவு அன்னை ஆலய வளாகத்தில் நம் மக்களுக்கு நிழலும் நீரும் கிடைத்தன. குழந்தைகள் விளையாடத் தொடங்கினர். முதியோர் கால் நீட்டிப் படுத்தனர். நாம் ஊரைக் காணப் புறப்பட்டோம்.

நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதை வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். நமது பணித்தளம் வடசென்னையில் சாத்தாங்காட்டை அடுத்த பகுதி. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் அண்மையிலுள்ள இவ்வூரைச் சென்னை மக்கள் அதன் இரும்புச் சந்தையால் அறிவர். ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெருக்கியடித்துக் கிடந்த இரும்பு வணிகத்தை இடம் மாற்றுவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த வளாகம் அது. கம்பி, தகடு, குழாய், சுருள் என இரவு பகலாய் லாரிகள் வந்துபோகும். அச்சுமைகளை ஏற்றி இறக்கும் தோள்களில் பல இன்று தமிழ் பேசாத தோள்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்களின் தோள்கள். சற்று வடக்கே எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்தைச் சூழ்ந்து அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பலும். 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும் அதன் நிலக்கரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்து வந்து படகுகளிலும் வலைகளிலும் படிந்ததை நம் மீனவ மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆற்றங்கரைப் பட்டினம் என்றால் நம் கண்முன் எழும் காட்சி இதுவே.

ஆகவே அரசலாற்றைக் கண்டபோது மனம் முதலில் நம்ப மறுத்தது. ஆறு என்றால் இப்படியும் இருக்குமோ என்று வியந்தோம். காவிரியிலிருந்து பிரிந்து, கும்பகோணத்தின் தென்புறத்தைத் தொட்டு, நெல்வயல்களினூடே நடந்து வந்து, இங்கே கடலோடு கலக்கிறது அந்த ஆறு. அரிசில் என்பது அதன் பழம்பெயர். சம்பா அறுவடைக் காலம் ஆகையால் ஊரின் விளிம்புகள் பொன்னிறமாய் இருந்தன. கடற்கரைக்குச் செல்லும் சாலை ஆற்றின் ஓரமாகவே நீள்கிறது. கரையோரம் நடைபாதை, மறுபுறம் மீன்பிடிப் படகுகள். நம்மோடு நடந்து வந்த பங்குப் பேரவைப் பெரியவர், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, “ஃபாதர், நம்ம ஆறும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார்.

ஆனால் கரையில் நின்று காண்போருக்குத் தெரியாத துயரமும் இந்த ஆற்றுக்கு உண்டு. இது கடைமடை. மேட்டூரில் திறக்கும் நீர் எல்லா வயல்களையும் கடந்து, எஞ்சியது மட்டுமே இங்கு வரும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. நீர் காரைக்கால் உழவரை எண்ணியே ஒதுக்கப்பட்டது. தீர்ப்பில் எழுதிய நீர் வாய்க்காலில் வந்து சேருமா என்று ஆண்டுதோறும் வானத்தையும் கர்நாடகத்தையும் மாறி மாறி நோக்குவதே இம்மக்களின் வாழ்வாகிவிட்டது.

இந்த நெல்லைத் தேடியே பிரெஞ்சுக்காரரும் வந்தனர். புதுச்சேரியில் ஆளுநராயிருந்த துய்மா, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் வாரிசுப் பூசலைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டு, 1739இல் காரைக்காலைத் தம் நாட்டுக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். புதுச்சேரிக்குத் துணியும் வணிகமும் இருந்தன. சோற்றுக்கு நெல் வேண்டியிருந்தது. தஞ்சைச் சமவெளியின் நெல்லுக்கு அரசலாற்றின் முகத்துவாரம் ஒரு வாயிலாயிற்று. 1760இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். பின்னர் உடன்படிக்கையின் பேரில் திருப்பித் தந்தனர். ஐரோப்பாவில் போர் மூளும்போதெல்லாம் காரைக்கால் கைமாறிற்று. 1817இல் இறுதியாகப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1954 வரை அது இறங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது.

இன்று காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். மூன்று புறம் தமிழ்நாடு. நான்காம் புறம் வங்கக் கடல். பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 மக்கட்கணக்கின்படி இரண்டு லட்சம் மக்கள். லெமேர் வீதி, மாதா கோயில் வீதி, பாரதியார் சாலை என்று பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தால் ஊரின் வரலாறு காலடியிலேயே விரிகிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்தோருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. சற்று அப்பால் காரைக்கால் அம்மையார் கோயில். பேயுருவை வேண்டிப் பெற்று, இறைவனை நாடித் தலையால் நடந்த அந்தப் புனிதவதியாரின் மாங்கனித் திருவிழா ஆனி முழுநிலவில் நடக்கிறது. மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரியும், தேற்றரவு அன்னையின் தேரும், திருநள்ளாற்றின் சனிப்பெயர்ச்சிக் கூட்டமும் ஒரே சிற்றூர் எல்லைக்குள் அடங்கியிருப்பதைக் காணும் எவரும் தம் சமயத்துக்கு வெளியே உள்ளோரை அயலார் என்று எண்ணத் தயங்குவர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் தன் வெளியீட்டு வரிசையின் முதல் நூலாக 1956இல் கொண்டுவந்தது அம்மையாரின் பாடல்களையே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆள வந்தவர்கள் விடைபெறும் வேளையில் இவ்வூரின் பெண்ணொருத்தியின் சொற்களை மொழிபெயர்த்துக்கொண்டு சென்றனர்.

ஊர் எதை உண்டு வாழ்கிறது என்று நம் பேரவைப் பெரியவர் பலரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். உழவு, மீன், கடைத்தெரு என்று மூவர் மூன்று விதமாய்ச் சொன்னார்கள். நிரவியில் இயற்கை எண்ணெய்க் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகமும் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளையும் வந்திருக்கின்றன. தெற்கே கீழவாஞ்சூரில் 2009இல் தொடங்கிய தனியார் துறைமுகம் 2023இல் வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. அதன் பெருஞ்சரக்கு நிலக்கரி. நாகூர்ப் பக்கத்து மக்கள் கரித்தூசியைப் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எண்ணூரை நினைத்துக்கொண்டோம். வரி வேறுபாட்டால் மலிவான மதுவும் ஊரின் வருவாய்களுள் ஒன்று. எல்லை கடந்து குடிக்க வருவோர் அதைத் தந்து, தம் குடும்பத்தின் அமைதியை இழந்து திரும்புகின்றனர். இவையன்றி, பிரான்சு நாட்டு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களும் உண்டு. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோரின் வழிவந்தவர்கள் இவர்கள். தாத்தாவின் பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து பிழைத்திருந்தால் பேரனின் வாழ்வே தடம் மாறும் ஊர் இது.

எழுத்து என்றதும் 1881ஆம் ஆண்டின் ஆணை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்திய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் வர விரும்புவோர், அதனைப் பதிவு செய்து, தமக்கென ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம் என்றது அவ்வாணை. சாதிப் பெயரால் மட்டுமே விளிக்கப்பட்டு வந்த எளியோர் பலர், கிறித்தவர்களும் அவர்களுள் உளர், எழுத்தர் முன் நின்று ஒரு புதுப் பெயரைச் சொல்லினர். ஒரு பெயரை ஏட்டில் எழுதுவிப்பதற்காக மனிதர் வரிசையில் நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தோம். அன்று பிற்பகல் அதே ஏடுகளைத் தேடி வந்த ஒருவரைச் சந்திக்கப் போகிறோம் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

ஆலயத்துக்குத் திரும்பினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்து, போரில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட வரலாறு உடையது அது. அதன் உயர்ந்த கோபுரம் ஊரின் அடையாளம். அலுவலக வாயிலில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் தம் மகனோடு அமர்ந்திருந்தார். மேல்நாட்டு உடை. முகமோ, நம் பங்கில் ஆலய வாயிலில் பூ விற்கும் அம்மாவின் உடன்பிறந்தவர் என்று சொல்லத்தக்கது. ஒரு சொல் தமிழ் தெரியவில்லை. குருத்துவக் கல்லூரியில் முதிய பிரெஞ்சுப் பேராசிரியரிடம் நாம் கற்ற அரைகுறைப் பிரெஞ்சு முப்பது ஆண்டுகளுக்குப் பின் அன்று உயிர் பெற்றது.

அவர் குவாதலூப் தீவிலிருந்து வந்திருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், கரீபியத் தீவுகளுள் ஒன்று அது. இன்றும் பிரான்சின் பகுதி. 1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களின் முதலாளிகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. அக்கைகளைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தேடினர். ஐந்தாண்டு ஒப்பந்தம்; அது முடிந்தால் திரும்பி வரக் கப்பல் என்பது வாக்குறுதி. 1861இல் ஆங்கில அரசும் ஓர் உடன்படிக்கையால் தன் குடிமக்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்தது. பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிய தமிழ் உழைப்பாளிகள் இந்தக் கரைகளுக்கு நடந்து வந்து கப்பலேறினர். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். மார்த்தினிக் தீவுக்கு ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர். இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவுக்கு இவ்விரண்டையும் கூட்டினும் மிகுதியானோர். திரும்பி வந்தோர் சிலரே. குவாதலூப்பில் முதல் கப்பல் கரை சேர்ந்த நாள் 1854 டிசம்பர் 24. கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில், அறியாத மண்ணில், தங்குமிடம் எதுவென அறியாது முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர் நின்றனர் என்பதை அம்மையார் சொன்னபோது, பெத்லகேமின் சத்திரம் நம் நினைவுக்கு வந்தது.

அவர் கையில் ஒரு நகல் இருந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் தந்தை வந்து இறங்கியபோது எழுதிய பதிவு. கப்பலின் பெயர், ஆண்டு, ஓர் எண், ஒரு பெயர், தந்தையின் பெயர், வயது 22, உடலிலிருந்த தழும்பு. ஊர் என்ற இடத்தில் ‘காரிக்கால்’ என்று மட்டும் இருந்தது. தோட்டத்தில் அவரை அந்த எண்ணால்தான் அழைத்தார்களாம். பெயர் குடும்பப் பெயராகி இன்றுவரை வந்திருக்கிறது. ஆனால் அதன் பொருளோ, அதைச் சரியாக ஒலிக்கும் முறையோ குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாம் அதை வாசித்தோம். எழுத்தரின் செவியில் விழுந்தவாறு எழுதப்பட்டு, ஓரெழுத்து மிகுந்து ஈற்றெழுத்து தேய்ந்திருந்தாலும், நம் நாட்டுப்புறத்தில் ஒவ்வொரு தெருவிலும் கேட்கும் எளிய தமிழ்ப் பெயர்தான் அது. அப்பெயரை இங்கு எழுதாது விடுகிறோம். அது அக்குடும்பத்துக்கு உரியது. சரியான ஒலிப்பில் சொல்லிப் பொருளையும் கூறினோம். அம்மையார் திருப்பிச் சொன்னார். நாம் திருத்தினோம். மும்முறை சொன்னபின் சரியாக வந்தது. அவர் மகன் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

பங்குத்தந்தை பொறுமையோடு பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஆண்டுகளின் திருமுழுக்குகளில் அப்பெயர் இல்லை. இருக்க வாய்ப்பும் அரிது. கப்பலேறியோரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தோர். ஏறிய துறையையே ஊர் என்று எழுத்தர் எழுதியிருக்கலாம். இதை மெல்ல எடுத்துச் சொன்னோம். அவர் தலையசைத்தார். “பாட்டனார் கிறிஸ்தவர் அல்லர் என்றாலும், இன்றைய திருப்பலியில் அவர் பெயரைச் சொல்ல இயலுமா?” என்று கேட்டார். மாலைத் திருப்பலியில் அந்தத் தமிழ்ப் பெயர் வாசிக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பின், தாம் பிரிந்த கரையில், தம் பெயரால் ஒரு மனிதர் நினைக்கப்பட்டார். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் நமக்கே விளங்கிற்று.

அம்மையார் தம் தீவின் ஒரு பெரியவரைப் பற்றியும் சொன்னார். ஆன்றி சிதம்பரோம் என்பது அவர் பெயர். சிதம்பரம் என்னும் நம் தில்லைதான் அப்பெயரில் கலந்திருக்கிறது. 1863இல் பிறந்த அவர், குவாதலூப்பில் பிறந்த இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904இல் முயன்றார். அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்று ஆட்சியினர் தடுத்தனர். பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடி 1923இல் வென்றார். அவர் கேட்டது பொன்னன்று, நிலமன்று. ஒரு பட்டியலில் சில பெயர்கள்.

விடைபெறும்போது அம்மையார் இயல்பாகக் கேட்டார்: “தந்தையே, உங்கள் ஊரிலிருந்தும் மக்கள் கப்பலேறிப் போனார்களா?”

“அறியேன், அம்மா. ஆனால் எங்கள் ஊருக்கு இன்று வெளியிலிருந்து உழைக்க வருகிறார்கள், மிகத் தொலைவிலிருந்து.”

“அப்படியானால் நல்லது. நீங்கள் அவர்கள் பெயரை எழுதி வைத்திருப்பீர்கள்.”

அவர் குற்றம் சாட்டவில்லை. பாராட்டும் தொனியிலேயே சொன்னார். நாம் மறுமொழி கூறவில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து புறப்பட்டது. மக்கள் உறங்கினர், நமக்கு உறக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் நிகழ்ந்த ஒன்று மனத்தில் எழுந்தது. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு இளைஞர் ஒருவர் வரத் தொடங்கினார். கடைசித் தூணின் ஓரம் நிற்பார். மொழி தெரியாவிடினும் சிலுவை அடையாளமும் முழந்தாளிடும் முறையும் அவர் நம்மவர் என்று காட்டின. ஒருநாள் வாயிலில் நம்மிடம் இந்தியில் ஏதோ கேட்டார். நமக்கு மற்றொரு பங்கில் இரண்டாம் திருப்பலி, நேரமாகிவிட்டது. புன்னகைத்துத் தலையில் கைவைத்து ஆசி வழங்கிவிட்டு வண்டியேறினோம். ஆறேழு ஞாயிறுகள் வந்திருப்பார். பின்னர் வரவில்லை. ஊர் திரும்பியிருப்பார் என்று எண்ணினோம். இரண்டு மாதம் கழிந்து, ஒரு கிடங்கில் இரும்புக் கட்டு சரிந்து இறந்த வடநாட்டுப் பையன் கழுத்தில் செபமாலை இருந்ததாக யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். உடலை அன்றிரவே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். “பேரு என்ன?” என்று கேட்டோம். “ராஜூன்னு கூப்பிடுவாங்க, ஃபாதர். நம்ம ஆளுங்க வாய்ல அவன் பேரு நுழையல” என்றார்கள்.

இறந்தோர் பதிவேட்டில் அவரை எழுத வேண்டுமென்றும் தோன்றவில்லை. எழுத ஒரு பெயரும் நம்மிடம் இல்லை. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம். அதற்குச் சற்று முன்னர், 529ஆம் சட்டம், பங்குத்தந்தை தம் பொறுப்பில் உள்ளோரை அறிய முயல வேண்டும் என்றும், ஏழைகள், துன்புறுவோர், தனித்திருப்போர், தாயகம் விட்டு வந்தோர் ஆகியோரைத் தனிக் கருத்தோடு நாட வேண்டும் என்றும் பணிக்கிறது. குருத்துவக் கல்லூரியில் இவ்விரு சட்டங்களுக்கும் நாம் நல்ல மதிப்பெண் பெற்றோம். தோட்டத்து எழுத்தர் எண்ணால் அழைத்தார் என்று அம்மையார் சொன்னபோது நம் உள்ளம் கொதித்தது உண்மை. அந்த எழுத்தராவது, எண்ணுக்கு அருகில், தாம் கேட்டவாறு ஒரு பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதினார். அதனால்தான் பல தலைமுறை கடந்தும் ஒரு பெண்மணி கடல் தாண்டித் தேடி வர முடிந்தது. நம் தூணோரம் நின்றவருக்கு நாம் அதையும் செய்யவில்லை.

ஊர் சேர்ந்ததும் அந்தக் கிடங்குக்குச் சென்றோம். மேலாளர் கைவிரித்தார். மேஸ்திரியின் கைக்குறிப்பில் ஆள் கணக்கு மட்டும் இருந்தது. விடாது விசாரித்ததில், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த இளைஞர் மணலியில் வேறொரு வேலையில் இருப்பது தெரிந்தது. அவர் தம் கைப்பேசியில் இறந்தவரின் அண்ணனை அழைத்தார். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். இந்தி தெரிந்த அருட்சகோதரி ஒருவர் உடன் வந்து மொழிபெயர்த்தார். முழுப் பெயரையும், தந்தையின் பெயரையும், திருமுழுக்குப் பெற்ற பங்கையும் அண்ணன் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயது 22. நாம் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னோம். அவர் திருத்தினார். மூன்றாம் முறை சரியாக வந்தது.

“அன்று அவர் எங்களிடம் ஏதோ கேட்டார், அது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்கச் சொன்னோம். அறைத் தோழருக்குத் தெரிந்திருந்தது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு இந்தி தெரிந்த குரு இங்கு எங்கே கிடைப்பார் என்று கேட்டாராம்.

இதற்குமேல் இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுத நமக்கு மனம் வரவில்லை.

இப்போது நம் ஆலயத்தின் பின்வாயிலில் ஒரு நீண்ட கணக்கு நோட்டு இருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளையோர் இருவர் அங்கே அமர்கின்றனர். வெளி மாநிலத்திலிருந்து வருவோரின் பெயர், தந்தை பெயர், ஊர், பங்கு, வீட்டார் தொலைபேசி எண் ஆகியவற்றை அவரவர் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதுகின்றனர். கிறித்தவரல்லாத நண்பர்களையும் சிலர் அழைத்து வருகிறார்கள்; அவர்கள் பெயரும் எழுதப்படுகிறது. மாதம் ஒருமுறை இந்தி தெரிந்த குரு ஒருவர் வருகிறார். இது பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. காலம் கடந்து செய்த சிறு கடமை.

அன்பு வாசகர்களே, நீங்கள் வேளாங்கண்ணிக்குச் செல்கையில் காரைக்காலில் ஒருமுறை இறங்குங்கள். அரசலாற்றின் கரையில் கடல்வரை நடந்து செல்லுங்கள். அந்த முகத்துவாரத்தின் வழியே எத்தனை மூட்டை நெல் போயிற்று, எத்தனை கஜம் துணி போயிற்று என்பதற்குக் கம்பெனிகள் கணக்கு வைத்திருந்தன. இன்று எத்தனை டன் நிலக்கரி வருகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. அவ்வழி போன மனிதரைத் தேடி இன்றும் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள். பின்னர் உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்து, எதிரே எழும்பும் கட்டடத்தில் கல் சுமப்பவரிடம், உணவகத்தில் மேசை துடைப்பவரிடம், “தம்பி, உன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். அவர் சொல்வது முதல் முறையில் நம் நாவுக்கு வராமல் போகலாம். மறுபடியும் கேளுங்கள்.